கத்தரிப்பூக் கலர் டேக்

யூனிஸ் அந்தக் கல்லூரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷமும் தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்புக் கடிதம் வரும். அது வருகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. வந்த மறுநாளே அடுத்த ஆறு மாதத்தை எண்ண ஆரம்பித்துவிடுவாள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்கா பஞ்சம்? எது என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்! பழைய கட்டடம், பெரிய பெயர், வாசலில் வேப்பமரம். அது போதும்.

வணிகவியல் பாடம் எடுக்கிறாள். முனைவர் பட்டம் உண்டு. புருஷன் கிங்ஸ்லி வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். மகள் ஸ்வீட்லின் ஒன்பதாம் வகுப்பு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க வீட்டுல ஜாதி பேச்சே கிடையாது" என்று யூனிஸ் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டு வளர்ந்தாள். அது நிஜம்தான், பேசவே மாட்டார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஏழு வரன் வந்தது. ஏழும் ஒரே ஆட்கள். அப்போதும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே வரவில்லை என்பது கல்யாணம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

நிரந்தர ஆசிரியர்கள் தட்டிக்கழிக்கிற வேலையெல்லாம் உருண்டு உருண்டு வந்து யூனிஸ் மேஜையில்தான் நிற்கும். போன வருஷம் அப்படி வந்து நின்றது மாணவர் துணை மையம். முந்தின வருஷம் இருநூற்று நாற்பது பிள்ளைகள் சேர்ந்ததில் இரண்டாம் வருஷத்துக்குள் அறுபத்தொரு பேர் நின்றுபோயிருந்தார்கள். ஏன் நின்றார்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. முதல்வர் ஜேசுதாசன் அதை நாலாக மடித்து யூனிஸ் கையில் கொடுத்தார்.

"நீயே பாத்துக்கோம்மா. பிள்ளைகள்ட்ட பேச உனக்குத்தான் வரும்."

இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உச்சி குளிர்ந்துபோகிற ஜென்மம் அவள். அறுபத்தொரு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. முப்பத்து நாலு பேர் பேசினார்கள். இங்கிலீஷ் புரியவில்லை, வீட்டில் கஷ்டம், கல்யாணம் பேசிவிட்டார்கள் என்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அதுவும் சொன்னார்கள். ஆனால் பைய பைய பேச்சுக் கொடுத்தால், பத்தில் ஏழு பேர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன் நாலு மாதம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டே மத்தியானச் சோறு தின்றிருக்கிறான். "அதுக்கு வீட்டுல இருந்தே திங்கலாம்லா மேடம்" என்றான். 

இந்த ஊரில் யார் கூட யார் உட்காருவது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். யாரும் ஜாதியைக் கேட்கமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். எந்த ஊரு என்று கேட்பார்கள். எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்ன பிறகு கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? அதுகூட வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும். பள்ளிக்கூடத்திலிருந்தே மணிக்கட்டில் கயிறு. ஒவ்வொரு ஆட்களுக்கும் ஒவ்வொரு கலர் சேர்மானம். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் கத்தரிக்கோலோடு நிற்பார். வெட்டிவிட்டு உள்ளே அனுப்புவார். மறுநாள் பயல்கள் கணுக்காலில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் என்ன, ஒவ்வொருவன் பேண்டையும் தூக்கியா பார்ப்பார்?

யூனிஸ் ஒரு யோசனை செய்தாள். முதல் வருஷப் பிள்ளைகளை அகரவரிசைப்படி கலைத்துப் போட்டு ஐந்து குழு. குழுவுக்கு நாற்பத்தெட்டுப் பேர். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுகிற டேக்கில் குழுவுக்கு ஒரு கலர். புதன்கிழமை மத்தியானம் குழுவோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கலர் விஷயத்தில் அவள் ஏமாந்துவிடவில்லை; நெல்லைக்காரிக்கு அதுகூடத் தெரியாதா? மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏற்கெனவே ஆள் பிடித்துவைத்த கலர் ஒன்றையும் தொடவில்லை. யாரும் இதுவரை கட்டாத கலராகப் பொறுக்கி எடுத்தாள். கத்தரிப்பூ, ரோஸ், சாம்பல், காப்பிப்பொடி, சந்தனம். யாருக்கு எந்தக் கலர் என்று ஒரு ரெஜிஸ்டர் போட்டு, ஒவ்வொரு பேருக்கும் நேரே கையெழுத்து வாங்கி, தன் கையாலேயே கழுத்தில் மாட்டிவிட்டாள்.

முதல் இரண்டு புதன்கிழமை கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள் பிள்ளைகள். மூன்றாவது புதன் கொஞ்சம் பேச்சு. ஐந்தாவது புதன் ஒரே சிரிப்பு. ஒருவன் டப்பாவில் இன்னொருவன் கைவிட்டுக் கூட்டு அள்ளுகிறான். பெண்பிள்ளைகள் ஊறுகாய்க்கு அடித்துக்கொள்கிறார்கள். யூனிஸ் தூணோரம் நின்று பார்த்துக் கண் கலங்கினாள். அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினாள், 'ஐந்து குழுக்களும் ஐந்து குடும்பங்களாகிவிட்டன' என்று. போட்டோவோடு அது மேலே போனது. முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நிரந்தரக்காரர்களும் தட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

அடுத்த புதன்கிழமைதான் வினை. சும்மா இருக்கமாட்டாமல் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போய்க் கத்தரிப்பூக் குழுவில் பேர் வாசித்தாள். நாற்பத்தெட்டுப் பேர் கத்தரிப்பூ டேக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பேருக்கு 'எஸ் மேடம்' சொன்னது பதினோரு பேர். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"நீ யாருலே? உனக்கு நான் ரோஸ்லா குடுத்தேன்?"

"மாத்திக்கிட்டேன் மேடம்."

"எதுக்கு?"

"நம்ம பயலுவ எல்லாம் இங்கனதான் இருக்கான்."

பஸ் ஸ்டாண்டிலும் கழிப்பறை வாசலிலும் வைத்துக் கழுத்துக்குக் கழுத்து மாற்றியிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் கத்தரிப்பூ ஒரு ஆட்கள், சாம்பல் இன்னொரு ஆட்கள், காப்பிப்பொடி வேறு ஆட்கள் என்று ஆகிவிட்டது. அவள் தூணோரம் நின்று கண் கலங்கிப் பார்த்த சிரிப்பெல்லாம் அந்தச் சிரிப்புத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அது கூடப் பரவாயில்லை; இது பிள்ளையார் என்று ஊரெல்லாம் அறிக்கை வேறு அனுப்பிவைத்தாயிற்று. காப்பிப்பொடிக் கூட்டத்தில் ஒருவன் பெருமையாகச் சொன்னான்: "போன வருஷம் கயித்த வெட்டுனாவளாம். இந்த வருஷம் காலேஜே குடுத்திருக்கு."

யூனிஸ் உடனே போய் முதல்வரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அடுத்த மாதம் நீட்டிப்பு வர வேண்டும். ஒரு வாரத்தில் எப்படியாவது தானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு வாரத்தில்தான் இசக்கிமுருகன் வந்தான்.

களக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா தளவாய் வாழைத்தார் சுமை ஏற்றுகிறவர். அம்மா ஆறுமுகத்தாய் வயல் வேலைக்குப் போகிறவள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவன். இரண்டு பஸ் மாறி வருவான், முதல் பெஞ்சில் உட்காருவான், யூனிஸ் வகுப்பில் அடிக்கிற நகைச்சுவையையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொள்வான். கையில் கயிறு கிடையாது. அவன் அம்மா கட்டவிட்டதில்லை. "கயிறு கெட்டுனா மொதல்ல கையத்தான் பாப்பான், பொறவுதான் மூஞ்சியப் பாப்பான்" என்று ஆறுமுகத்தாய் சொல்லுவாளாம்.

அவனுக்குக் கொடுத்திருந்தது கத்தரிப்பூ. அவனுடைய ஆட்கள் எல்லாம் சாம்பலுக்குப் போயிருந்தார்கள். கத்தரிப்பூவுக்குள் இப்போது இருந்தவர்கள் அவனுடைய ஊர்ப் பக்கம் அவன் தெருவுக்கு நல்லது நினைக்காத ஆட்கள்.

"மேடம், நானும் மாத்திக்கிடவா?" என்று கேட்டான். "இங்கன இருக்கவன் ஒருமாதிரி பாக்கான். சாம்பல்ல ஒரு டேக் வச்சிருக்காவளாம் எனக்குன்னு."

இந்த இடத்தில் யூனிஸ் சரி என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. அவளுக்கு அந்தப் பையன்மேல் பிரியம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது, தான் போட்ட கணக்கு முழுசாகத் தோற்கவில்லை என்று காட்ட ஓர் ஆள். அவனைப் பார்த்ததும் அந்த ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் வந்தது. பிற்பாடு எத்தனையோ தடவை அவள் நினைத்து நினைத்து வெட்கப்பட்டது அந்தச் சந்தோஷத்துக்குத்தான்.

"மாத்தாத இசக்கி. நீயும் மாத்துனா அப்புறம் யாரு? யார் கேட்டாலும் மேடம் குடுத்ததுன்னு சொல்லு. ஒருத்தன் நின்னா நாலு பேரு வருவான்."

"சரி மேடம்" என்றான். முதல் பெஞ்சுக்காரன், சொன்னால் கேட்பான்.

ஒன்பது நாள் அந்த டேக்கோடு வந்தான். பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கத்தரிப்பூ டேக் போட்ட நாலு பேர் அவனை மறித்தார்கள். "எங்க டேக்க நீ எதுக்குலே போட்டிருக்க?" என்பதுதான் கேள்வி. "மேடம் குடுத்தாவ" என்று அவன் சொல்லியிருக்கிறான். கழுத்தோடு டேக்கை முறுக்கியிருக்கிறார்கள். உதடு கிழிந்தது; கீழே விழுந்ததில் இடது கை மணிக்கட்டு முறிந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு போட்டார்கள். நாலு நிரந்தரப் பேராசிரியர்கள், நிர்வாகத்தின் ஆள் ஒருவர். அடித்த பயல்களின் தகப்பன்மார் கரைவேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னது இது: இசக்கிமுருகன் எங்கள் பையன் பையிலிருந்து டேக்கைத் திருடி வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு வந்து எங்கள் பையன்களைச் சீண்டினான். கழுத்தில் நெரித்த தடம் இருக்கிறவன் சீண்டினானாம்! ஆனால் கல்லூரிக்கும் அந்தக் கதை சௌகரியமாக இருந்தது. ஐந்து பேரையும் செமஸ்டர் முடிகிறவரை நீக்கிவைத்தால் இரண்டு பக்கமும் சமம், பேப்பரில் வராது, பிரச்சினை தீர்ந்தது. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே தராசு. நாலு பேருக்கும் அப்பாமார் வேறு கல்லூரியில் இடம் வாங்கிவிடுவார்கள். இசக்கிக்கு வருகைப்பதிவு போனால் பரீட்சை போச்சு, பரீட்சை போனால் படிப்பே போச்சு. இனி ஒரு தடவை அனுப்ப அந்த வீட்டில் தெம்பு கிடையாது.

அவன் திருடவில்லை என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. யூனிஸின் ரெஜிஸ்டர். அதில் இசக்கிமுருகன் பேருக்கு நேரே கத்தரிப்பூ என்று அவள் கையெழுத்தும் அவன் கையெழுத்தும் இருந்தன.

முதல்வர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். தற்காலிகக்காரிக்குக் காப்பி வருகிறது என்றாலே உஷாராகிவிட வேண்டும்.

"ரெஜிஸ்டர் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"இல்லாமலும் போகலாம்லா. கரையான் அரிக்காத ரெஜிஸ்டர் நம்ம காலேஜ்ல எது இருக்கு?"

அவள் காப்பியைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"நீ தங்கமான பிள்ளை. உங்க அப்பா எனக்கு வாத்தியார். அந்த ரெஜிஸ்டர் வெளிய வந்தா என்ன ஆகும் தெரியுமா? காலேஜே பிள்ளைகளைக் கலர் பிரிச்சு வச்சதுன்னு எழுதுவான். நீ அனுப்பின ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சு எழுதுவான். உனக்கு இந்த மாசம் நீட்டிப்பு வேற இருக்கு. நான் மிரட்டுதேன்னு நினைக்காத."

மிரட்டவில்லைதான். மிரட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். அந்த எறும்புக்கு இரண்டு பக்கமும் சூடு தெரியுமே தவிர, ஒரு பக்கம் தன் மகளின் பள்ளிக்கூடமும் மறுபக்கம் இன்னொருத்தி மகனின் படிப்பும் இருக்காது.

மறுநாள் காலையில் கிங்ஸ்லி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு முழுசும் கேட்டான். சட்டைக் கையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"வேலை போனா போகட்டும், உண்மையச் சொல்லுன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு யூனிஸ். வாயி வரமாட்டேங்கு" என்றான்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் களக்காட்டுக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆட்டோ. தெருமுனையில் நாலைந்து இளவட்டங்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். "எந்த ஊரும்மா நீங்க?" என்று ஒருவன் கேட்டான். அடுத்த கேள்வி என்ன என்று தெரிந்ததால் "காலேஜ் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

தளவாய் வாசலில் நின்றார். தார் சுமந்து சுமந்து வலது தோள் கறுத்துப்போன மனுஷன். அவளைக் கண்டதும் துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார்.

"வாங்க டீச்சரம்மா. வெயில்ல வந்திருக்கிய. ஏளா, மோர் கொண்டா."

திட்டுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். திட்டுக்குப் பதில் சொல்ல பஸ்ஸில் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். மோருக்கு என்ன பதில் சொல்லுவாள்? ஆறுமுகத்தாய் தம்ளரைக் கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள். இசக்கி உள்ளே கட்டிலில் இருந்தான், கையில் மாவுக்கட்டு.

"ஒரு விஷயம் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் தளவாய். "அவன் மாத்திக்கிடவான்னு கேட்டானாம். நீங்க மாத்தாதன்னு சொன்னியளாமே. நெசந்தானா? இல்ல, அடி வாங்கினதுக்கு எங்கிட்ட கதை விடுதானா?"

"நெசம்தான். நான்தான் சொன்னேன்."

தளவாய் தலையை ஆட்டினார். "அப்ப சரி. பய பொய் சொல்லலை. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

அதற்குப் பிறகு ஆறுமுகத்தாய்தான் பேசினாள்.

"கயிறு வேண்டாம்னு நான் சொல்லி வளத்தேன். டேக்க மாத்தாதன்னு நீங்க சொன்னிய. ரெண்டு பொம்பளை பேச்சக் கேட்டு எம்பிள்ள ஒத்தையில நின்னுட்டான்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "முக்குல நிக்கானுவ பாத்தியளா, அவனுவ நேத்து வந்து உக்காந்து, இனி நாங்க பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டுப் போனானுவ. வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க?"

யூனிஸ் கட்டில் பக்கம் போனாள். "இசக்கி, நீ திரும்பி வருவ. பரீட்சை எழுதுவ. நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் அவள் வகுப்பில் அவன் எழுதுகிற நோட்டு இருந்தது. அவன் அதைத் திறந்து ஏதோ தேடுகிற மாதிரி பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை விசாரணை. போகிற வழியெல்லாம் அவள் இரண்டு பேச்சையும் தயார் பண்ணிக்கொண்டுதான் போனாள்: ரெஜிஸ்டர் காணவில்லை என்கிற பேச்சு ஒன்று, இருக்கிறது என்கிற பேச்சு ஒன்று. எது வாயில் வரும் என்று வாசலைத் தாண்டும்வரை அவளுக்கே தெரியாது. உள்ளே போனால் அடித்த பயல்களில் ஒருவனின் அப்பா, "அந்தத் திருட்டுப்பய வரலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். கைப்பையிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்து மேஜையில் போட்டாள். போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள்.

"அவன் திருடலை. நான் குடுத்தேன், இந்தா கையெழுத்து. எல்லாரும் மாத்திக்கிட்டாங்க, அவன் ஒருத்தன்தான் மாத்தலை. மாத்திக்கிடவான்னு என்கிட்ட வந்து கேட்டான். வேண்டாம்னு நான் சொன்னேன். பிள்ளைங்க மாத்தினது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் நான் யார்ட்டயும் சொல்லலை. தப்பு என் மேல. அவன் மேல இல்ல."

நிர்வாகத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, காலேஜ்தான் கலர் பிரிச்சுக் குடுத்துச்சுன்னு எழுதிக்கிடலாமா?"

"எழுதிக்கிடுங்க."

முதல்வர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

இசக்கிமுருகன் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. நாலு பேருக்கும் ஒரு மாத நீக்கம். அவன் வராத நாட்களை மருத்துவ விடுப்பாகச் சேர்த்துக்கொள்ள உத்தரவு. கலர் டேக் எல்லாம் வாங்கி மூட்டை கட்டியாயிற்று. இனி எல்லோருக்கும் வெறும் கறுப்பு. யூனிஸ் வீட்டுக்குப் போய் வேலை போய்விட்டது என்று கிங்ஸ்லியிடம் சொன்னாள். அவன் "போகுது விடு" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கூடுதல் நேரம் கேட்கப் போனான்.

ஆனால் வேலை போகவில்லை. மாதக் கடைசியில் நீட்டிப்புக் கடிதம் வந்தது, மாணவர் துணை மையப் பொறுப்பும் அவளிடமே. அவளுக்கு நம்ப முடியவில்லை. முதல்வர் அறைக்குப் போனாள்.

"உன்னை வெளிய அனுப்பினா வெளிய போய்ப் பேசுவ" என்றார் அவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "உள்ள இருந்தா பேசமாட்ட. போம்மா, போய் கிளாஸைப் பாரு."

அன்றைக்கு அவள் கழிப்பறையில் போய் நின்று அழுதாள். வேலை இருக்கிறதே என்ற நிம்மதியில் அழுகிறோமா, அவர் சொன்னது சரி என்பதற்காக அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டியது இருந்தது. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை இசக்கிமுருகன் வந்தான். மாவுக்கட்டு எடுத்துவிட்டார்கள். வந்தான் என்றால் தனியாக வரவில்லை, அவனுடைய ஆட்கள் எட்டுப் பேரோடு வந்தான். முதல் பெஞ்சில் உட்காரவில்லை. கடைசிக்கு முந்தின பெஞ்சில் அந்த எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்தான். மத்தியானம் அவர்களோடு சாப்பிட்டான், அவர்களோடு சிரித்தான். யூனிஸ் வகுப்பில் நகைச்சுவை சொன்னபோது அவன் எழுதவில்லை. பிறகு பாடத்தை எழுதக் கை எடுத்தபோது முழுக்கைச் சட்டை கொஞ்சம் ஏறியது; மணிக்கட்டில் கயிறு இருந்தது. அவன் நிதானமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

பரீட்சை எழுதினான். நன்றாகவே எழுதினான். அந்த வருஷ அறிக்கையில் துணை மையத்தின் வெற்றியாக அவன் பேரைத்தான் போடச் சொன்னார்கள்: வருகைப்பதிவு தொண்ணூற்றாறு சதவீதம், எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, சக மாணவர்களோடு நல்ல நட்பு. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. யூனிஸ்தான் தட்டச்சு செய்தாள்.

மனசு கேட்கவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தினாள். எட்டுப் பேரும் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள், போகவில்லை.

"உங்க அம்மா உன்னை எப்படி வளத்தாங்கன்னு எனக்குத் தெரியும் இசக்கி. இது எதுக்கு உனக்கு? உனக்காக நான் அங்க நின்னு பேசினேன்லா?"

"பேசினிய மேடம். எங்கப்பா தினமும் சொல்லுதாவ. நீங்க இல்லன்னா நான் தார்தான் சுமந்துக்கிட்டு இருப்பேன்." அவன் குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் அவளுக்கு நல்லாயிருந்திருக்கும். "ஆனா நீங்க நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிருவிய. என்னைய அடிச்சது நாலரைக்கு."

 வெளியே ஒருவன், "ஏலே இசக்கி, பஸ் வந்துரும்" என்று குரல் கொடுத்தான். இசக்கி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்துகொண்டான்.